அசலைத் தள்ளி வைத்துவிட்டு

எங்கள் லேனுக்குக் குடிவந்த முதல் நாளே அந்த அக்கா பூட்டிய தன் வீட்டுக் கதவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். கண்டியில் அம்பிட்டிய பக்கம் ஏறுகிற பாதையிலிருந்து பிரிகிற குறுகிய லேன் அது. எங்கள் வீடு பாதையோடு ஒட்டியது. அவருடையது நேரெதிரே மேட்டில், சீமெந்துப் படி ஏறித்தான் போகவேண்டும். நான் பாண் வாங்கிக்கொண்டு வந்தவள், ஐயோ பாவம், வந்த அன்றைக்கே மாட்டிக்கொண்டாரே என்று மேலே ஏறிப் போனேன்.

"சாவிய உள்ளுக்கு வச்சிப் பூட்டிட்டீங்களாக்கா?"

"இல்லைப் பிள்ளை. திறப்பு இந்தா கிடக்கு." கையை நீட்டிச் சாவியைக் காட்டினார். "நல்ல நேரத்துக்கு வந்தனீங்கள். இதைக் கொண்டுபோய் உங்கட வீட்டில வையுங்கோ. நான் கேட்டாலும் இப்போதைக்குத் தரவேண்டாம்."

அவருடைய மற்றக் கையில் டவுனில் வெட்டிய புதுச்சாவிகள் இரண்டு இருந்தன. நான் பாணை ஒரு பக்கமும் சாவியை ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தேன். ஒரு சாவி திறந்தது. மற்றது பாதி திரும்பி நின்றுவிட்டது. அக்கா கொஞ்சமும் சளைக்காமல், வீட்டுச் செருப்போடேயே படியிறங்கி பஸ்ஸுக்குப் போய்விட்டார், அந்தச் சாவியைத் திருத்த.

"வெட்டின ஆள் கடையில வச்சுப் போட்டுப் பாத்திருப்பாரேக்கா?" என்று அப்புறம் கேட்டேன்.

"அவர் என்ர கதவிலயே போட்டுப் பாத்தவர்? அசல் கையில கிடக்கேக்க நகல் வேலை செய்யுதோ எண்டு ஒருநாளும் தெரியாது பிள்ளை. கை தன்பாட்டில அசலுக்குத்தான் போகும். அசலைத் தள்ளி வைச்சிட்டுப் பாக்கோணும்."

அவரைப் பற்றிச் சொல்வதற்கு இந்த ஒரு வசனம் போதும். மிச்சமெல்லாம் இதற்கு உதாரணம்தான்.

யாழ்ப்பாணத்துக்காரர். கண்டியில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, நெற்றியில் மெல்லிய திருநீறு. தனியாக இருந்தார். ஏன் தனி என்று லேன் முழுக்கக் கேள்வி இருந்தது, கேட்பதற்கு மட்டும் யாருக்கும் துணிச்சல் இல்லை. எனக்கே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நான் டவுனில் ஒரு பல் டாக்டரிடம் ஆட்களைக் கூப்பிட்டு உட்காரவைக்கிற வேலை பார்க்கிறவள். மற்றவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் என் வாய் திறந்திருக்கும் என்று டாக்டரே சொல்வார்.

அக்காவின் கைப்பையில் எப்போதும் இரண்டு குடைகள் இருக்கும். கண்டி மழைக்கு அது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் மாதத்தில் ஒரு நாள், நல்ல மழை நாளாகப் பார்த்து, நல்ல குடையை வீட்டில் வைத்துவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குவார். அது காற்றில் மடங்கி, தலையோடு கால் நனைந்து வருவார். முகத்தில் அப்படியொரு திருப்தி. "பாத்தியளே, கம்பி ஒண்டு உடைஞ்சு போட்டுது. தெரிஞ்சது நல்லது." தும்மிக்கொண்டே சொல்வார். நான் தலையில் அடித்துக்கொள்வேன்.

இந்தப் பழக்கத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தால் பரவாயில்லை. லேனில் ஒரு பிள்ளையின் முதல் நன்மைக்கு மண்டபத்தில் விருந்து. அக்கா சைவக்காரராக இருந்தாலும் எங்கள் மாதா கோயில் காரியம் என்றால் காலையிலேயே வந்து கத்தரிக்காய் வெட்ட உட்கார்ந்துவிடுவார். அன்று வெட்டிக்கொண்டிருந்தவர் எழுந்து போய், "ஜெனரேட்டர் கிடக்குதுதானே?" என்று பிள்ளையின் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். "இருக்குக்கா, புதுசு" என்று அவர் சொல்லியிருக்கிறார். அக்கா நேராகப் போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். கேக்குக்குக் கிரீம் அடித்துக்கொண்டிருந்த மெஷின் நின்றது. பாட்டு நின்றது. சமையலறையில் இருட்டில் யாரோ கை சுட்டுக்கொண்டு கத்தினார்கள். ஜெனரேட்டரைக் கிளப்பப் போனால் டீசல் இல்லை.

பிள்ளையின் அப்பாவுக்குக் கோபம் மூக்கு நுனியில். "என்னாக்கா இது? நல்ல நாள் அதுவுமா?"

"இப்ப எண்டபடியா கத்துறியள். பின்னேரம் சனம் சாப்பிடேக்க எண்டா அழுவியள்" என்று சொல்லிவிட்டு அக்கா சுவிட்சை ஏற்றினார், கத்தரிக்காயிடம் திரும்பிப் போனார்.

ஓடிப்போய் டீசல் வாங்கி வந்து ஊற்றினார்கள். அன்று மாலை கரண்ட் போகவே இல்லை. அதற்குப் பிறகு கொஞ்சக் காலம் லேனில் எல்லாருக்கும் வெறும் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரிதான். அக்காவைக் கண்டால் "மெயின் சுவிட்ச் வருது, லைட்டப் புடிச்சிக்குங்க" என்பார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். "டீசல் கிடக்குதே இப்ப?" என்று மட்டும் கேட்பார்.

ஒரு தடவை அவருக்கே அது திருப்பி அடித்தது. தான் இல்லாவிட்டால் கந்தோர் நடக்குமா என்று பார்க்க, சுகமில்லை என்று சொல்லாமல், உண்மையையே எழுதிக் கொடுத்து லீவு எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தார். போனையும் நிறுத்தி வைத்துவிட்டார். வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு கடலை உரித்தார். லீவு முடிந்து போய்விட்டு வந்தவர் முகத்தில் களையே இல்லை.

"என்னாக்கா, எல்லாம் குழம்பிப் போச்சா?"

"இல்லைப் பிள்ளை. வடிவா நடந்திருக்கு." அதை ஒரு இழவுச் செய்தி சொல்வதுபோலச் சொன்னார். அந்தக் கிழமை முழுக்க அவரோடு பேச முடியவில்லை.

என் வீட்டுக்காரருக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். இவர் நாவலப்பிட்டி ரயில் ஸ்டேஷனில் வேலை பார்த்தார். கிழமை நாட்களில் அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கி, சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். வந்தால் அக்காவைச் சீண்டாமல் இருக்க மாட்டார். ஒரு ஞாயிறு பின்னேரம் திரும்பப் போகிறவர், பையைத் தோளில் போட்டுக்கொண்டு படிக்குக் கீழே நின்று கேட்டார்.

"அக்கா, எனக்கு ஒரு ஸ்பேர் வெட்டி வச்சிருக்கீங்களா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. ஒரு கணக்கைப் பார்க்கிறவர்போல அவரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஸ்பெயர் இல்லைத் தம்பி. பாத்துப் போங்கோ" என்றார்.

அதை நான் அப்போது பெரிதாக எடுக்கவில்லை. அப்புறம் எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் காய்ச்சல் என்றுதான் போனார். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை. எங்கள் மகள் ரோஷினிக்கு அப்போது பேச்சே சரியாக வராது. சாவு வீட்டுக்கு அக்கா வந்தார், ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் வீட்டு ஸ்பேர் சாவி அவரிடம் இருந்தது. அதற்குப் பிறகு பல நாள் காலையில் அவரே கதவைத் திறந்து உள்ளே வந்து, பிள்ளையைக் கழுவி, பால் கொடுத்து, எனக்கு ஒரு பிளேன்டீ வைத்துவிட்டு வேலைக்குப் போவார். நான் கட்டிலில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். அந்தச் சாவி திரும்புகிற சத்தம்தான் அந்த நாட்களில் எனக்கு விடிகிற சத்தம். இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. இப்போது சொல்கிறேன்.

இனி கம்ப்யூட்டர் கதைக்கு வருகிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அது என் வீட்டுக்காரர் வாங்கிய கம்ப்யூட்டர். கிழமை நாட்களில் தான் இல்லாமல் பிள்ளை தூங்க அடம்பிடிக்கிறாள் என்று, ஞாயிற்றுக்கிழமைகளில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, பென்சில் தடிப்பில் ஒரு மைக்கைப் பிடித்துக்கொண்டு அவளுக்குக் கதை சொல்லிப் பதிவு செய்வார். ரயில் சத்தம், யானை சத்தம், விசில், எல்லாம் அவர் வாயாலேயே. நான் வெளியே நின்று, "சோறு ஆறுது, யானைய கொஞ்சம் நிறுத்துங்க" என்று கத்துவேன். அந்தக் கதைகளை ஒரு ஃபோல்டரில் போட்டு, அப்பா கதை என்று பெயர் வைத்து, திரையில் எனக்குக் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் வைத்துவிட்டுப் போவார். ஞாயிறு இரவிலிருந்து நான் போட்டுக் காட்டுவேன். பிள்ளை தூங்கும்.

அவர் போன பிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. முடியவில்லை. எங்கள் கலியாண வீடியோவில் முழுக்கப் பாட்டுப் போட்டு அவர் குரலை மூடிவிட்டார்கள். போனில் இருந்த கொஞ்சமும் போனோடு போயிற்று. ஆக, அவருடைய குரல் என்று இந்த உலகத்தில் மிஞ்சியது அந்த ஃபோல்டர் ஒன்றுதான். ரோஷினி வளர வளரக் கேட்பாள், "அப்பா எப்புடிம்மா பேசுவாரு?" என்று. "கேக்கலாம், இரு" என்பேன். எனக்குத் தைரியம் வந்த அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து கேட்பது என்று வைத்திருந்தேன். அவளுக்கு அப்பாவிடமிருந்து வரவேண்டிய சொத்து அதுதான். அவளுக்கு நினைவில் ஒரு சொல் கூட இல்லை.

இதற்குள் அவளுக்கு ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அனுப்புகிற பாடங்கள் அந்தப் பழைய கம்ப்யூட்டரில் திறக்க மறுத்தன. இனி இந்தப் பழைய சிஸ்டத்துக்குப் பாதுகாப்புக் கிடையாது, புதியதுக்கு மாறுங்கள் என்று தினமும் ஒரு அறிவிப்பு வந்து நிற்கும். நான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் துணிந்து உட்கார்ந்தேன். முதலில் உங்கள் சொந்தக் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள் என்று அதிலேயே போட்டிருந்தது. எனக்கா சொல்லித் தரவேண்டும்? ஒரு பென் ட்ரைவைக் குத்தி, ரோஷினியின் படங்களைப் போட்டேன், வீட்டுப் பத்திரங்களின் படங்களைப் போட்டேன், கடைசியாக அப்பா கதை ஃபோல்டரையும் இழுத்துப் போட்டேன். கண் மூடித் திறப்பதற்குள் ஏறிவிட்டது. பென் ட்ரைவில் போய் அதை அமுக்கிப் பார்த்தேன். திறந்தது. கதைகளின் பெயரெல்லாம் வரிசையாக இருந்தன. ஒன்றையும் ஓடவிடாமல் மூடிவிட்டேன்.

அக்கா அந்த நேரம் கறிவேப்பிலை கொண்டு வந்தார். நான் பெருமையாகச் சொன்னேன்.

"இன்னைக்கு மாத்தப் போறேன்க்கா. எல்லாத்துக்கும் நகல் எடுத்துட்டேன். நீங்க கேக்கிறதுக்கு முந்தியே சொல்றேன், திறந்தும் பார்த்துட்டேன்."

"அவற்ற கதையளையுமோ?"

"அதையும்தான்."

"போட்டுக் கேட்டனீங்களே?"

நான் கறிவேப்பிலையை உருவ ஆரம்பித்தேன்.

"பிள்ளை, போட்டுக் கேட்டனீங்களே?"

"பேரெல்லாம் தெரியுதுக்கா. அது போதும்."

"பேர் தெரிஞ்சா? போத்திலுக்கு வெளியில எண்ணெய் எண்டு எழுதிக் கிடந்தா உள்ளுக்க எண்ணெயே? அசலைத் தள்ளி வைச்சிட்டு…"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ. "எந்த அசல்க்கா?" என்று கத்திவிட்டேன். "அசலத்தான் எப்பவோ கொண்டுபோய்ப் புதைச்சிட்டு வந்தாச்சே. இன்னும் எதத் தள்ளி வைக்கச் சொல்றீங்க?"

ரோஷினி படித்துக்கொண்டிருந்த புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள், இல்லை கோபித்துக்கொண்டு படியேறிப் போயிருப்பார்கள். அக்கா நான் சொன்னதை யோசித்துப் பார்த்தார்.

"அப்ப இதுதான் பிள்ளை அசல்" என்றார். "இதுக்குத்தான் நகல் வேணும்."

"என்னால அந்தக் குரலக் கேக்க ஏலாதுக்கா."

"நீங்கள் கேக்கவேண்டாம். தாங்கோ. நான் போய்க் கேக்கிறன்."

பென் ட்ரைவைக் கழற்றிக்கொண்டு படியேறினார். அவரிடம் கந்தோர் வேலைக்கென்று ஒரு லப்டொப் இருந்தது. நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். தொடரட்டுமா என்று திரையில் கேட்டபடி இருந்தது. விரலும் அதன்மேலேயே இருந்தது. இந்த மனுஷியின் பைத்தியத்துக்கு நான் ஏன் காத்திருக்க வேண்டும், அமுக்கிவிட்டால் என்ன என்று மனம் சொன்னது. அமுக்கவில்லை. எங்கள் அமலோற்பவ மாதா காப்பாற்றினார் என்றுதான் சொல்வேன்.

அக்கா திரும்பி வந்தார். மழை தூறத் தொடங்கியிருந்தது, குடை பிடிக்காமல் வந்திருந்தார். குடை இல்லாமல் அவரை நான் அன்றுதான் பார்த்தேன்.

"திறக்கேல்லைப் பிள்ளை."

"என்னாது?"

"உங்கட மகளின்ர படங்கள் வருது. பத்திரம் வருது. கதை திறக்கேல்லை. அது வேற எதையோ தேடுது. எழுதிக்கொண்டு வந்தனான், பாருங்கோ."

உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தார். அக்காவுக்கும் கம்ப்யூட்டர் பற்றி என்னைவிடக் கூடுதலாக ஒன்றும் தெரியாது. ஆனால் அது எந்த இடத்தைத் தேடி இல்லையென்று சொன்னதோ அந்த இடத்தின் பெயரை அப்படியே எழுதிக்கொண்டு வந்திருந்தார். "அது தேடுற இடத்தில நாங்களும் போய்ப் பாப்பம்" என்றார்.

போய்ப் பார்த்தோம். கதைகள் முழுக்க அங்கே, அந்த மனுஷன் ஒழுங்காக வேறொரு மூலையில் அடுக்கி வைத்திருந்தார். எனக்கு லேசாக இருக்கட்டும் என்று திரையில் வைத்தது அந்த இடத்துக்குப் போகிற வழியை மட்டும்தான். அந்த ஃபோல்டர் படத்தின் ஓரத்தில் பொடிசாக ஒரு அம்புக்குறி போட்டிருக்கும், அதுதான் அடையாளமாம். நான் பென் ட்ரைவில் ஏற்றியது அந்த வழியை. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அமுக்கினால் அது ஓடிப்போய் அசலைத் திறந்து காட்டும், நானும் நகல் திறந்தது என்று நினைத்துக்கொள்வேன். வேறு வீட்டுக்குப் போனால்தான் கை வெறுமை என்று தெரியும். நான் நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா என்னைத் தூக்கவில்லை. "ஏத்துங்கோ" என்றார்.

இந்தத் தடவை ஏற்றினால் ஏறிக்கொண்டே இருந்தது. பச்சைக் கோடு ஊர்ந்து ஊர்ந்து போயிற்று. முதலில் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தபோதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். முடிந்ததும் அக்கா கழற்றிக்கொண்டு திரும்பவும் படியேறினார். இப்போது வர வெகு நேரம் எடுத்தார். ரோஷினி வாசலில் போய் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஜெபமாலையை எடுத்துவிட்டேன்.

வந்தவர் கண் சிவந்திருந்தது. "திறக்குது" என்றார். "கடைசி மட்டும் கேட்டிட்டன். என்ர லப்டொப்பிலயும் ஒரு நகல் எடுத்து வைச்சிருக்கு. கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள்ள யானை ஒண்டு மழைக்கு ஒதுங்கி நிக்குது."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த யானையை எனக்குத் தெரியும்.

"என்ன யானை?" என்றாள் ரோஷினி.

அக்கா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு இடத்தில அவர் கேள்வி ஒண்டு கேக்கிறார் பிள்ளை. அதுக்குப் பதில் சொல்ல ஆள் வேணும். நான் சும்மா இருந்திட்டன். அது எனக்கு இல்லை."

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, தொடரட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்று அமுக்கினேன்.

அது பாதி போயிருக்கும். மலைப்பக்கம் இடித்தது. கரண்ட் போயிற்று, வந்தது, வந்த வேகத்தில் திரும்பப் போயிற்று. கம்ப்யூட்டர் பெட்டிக்குள் டிக் என்று ஒரு சத்தம். கரண்ட் வந்த பிறகு திரை கறுப்பாகவே நின்றது. எவ்வளவு அமுக்கியும் கறுப்புத்தான்.

மடவளையிலிருந்து ஒரு தம்பி வந்து திருத்துவார். நல்ல பிள்ளை, பொய் சொல்லமாட்டார். பெட்டியை எடுத்துக்கொண்டு போனவர் அந்தக் கிழமைக்குள்ளேயே வந்தார். "டிஸ்க் மௌத்து மிஸ், முடிஞ்சிச்சு" என்றார். "எவ்வளவோ பார்த்தேன். உள்ள இருந்தது ஒண்டும் எடுக்க ஏலாது. புது டிஸ்க்தான் போடணும். முக்கியமா ஏதும் இருந்ததா?"

நான் பதில் சொல்வதற்கு முன்னால் ரோஷினி சொன்னாள்: "எதிர்வீட்டுப் பெரியம்மாக்கிட்ட நகல் இருக்கு."

அந்தத் தம்பி பெரிதாக மூச்சு விட்டார். எல்லாரும் நகல் இருக்கு என்றுதான் சொல்வார்களாம், திறந்தால்தான் இருக்காதாம். அந்த அம்புக்குறி விஷயத்தை எனக்கு விளக்கியவரும் அவர்தான். நான் பிளேன்டீ கொடுத்து அவரை அனுப்பினேன்.

அக்கா இப்போது எங்கள் லேனில் இல்லை. ஓய்வு பெற்றபின் யாழ்ப்பாணத்துக்கே போய்விட்டார், தம்பியின் குடும்பத்தோடு. அதையும் சும்மா செய்யவில்லை. இங்கே வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தந்துவிட்டு, ஒரு மாதம் அங்கே இருந்து பார்த்தார். "இந்த ஊரைத் தள்ளி வைச்சிட்டுப் பாக்கோணும் பிள்ளை, அங்க இருக்க ஏலுதோ எண்டு." மாதம் முடிந்ததும் போன் எடுத்து, "ஏலுது போல கிடக்கு" என்றார், கந்தோர் தானில்லாமல் நடந்தபோது சொன்ன அதே குரலில். எங்களுக்குத்தான் அவர் இல்லாமல் ஏலவில்லை என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இதை எழுதுவதற்குக் கேட்டபோது, "என்ர பேரைப் போடவேண்டாம், விசயத்தைப் போடுங்கோ" என்றார். அதனால்தான் பெயர் இல்லை. லேனில் இப்போது யார் வீட்டு விசேஷம் என்றாலும் காலையில் ஒரு தடவை மெயின் சுவிட்சை இறக்கிப் பார்க்கிறார்கள். முதல் நன்மைக்காரரின் வீட்டிலும்தான்.

கம்ப்யூட்டர் திருத்துகிற தம்பி வந்து போன அன்று பின்னேரத்துக்குத் திரும்பிப் போகிறேன். ரோஷினி என் கையைப் பிடித்து இழுத்தாள். "இப்பக் கேக்கலாம்மா. இனி இதும் போயிட்டா?" என்றாள். படியேறினோம். அக்கா சாமி விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மேசையில் லப்டொப்பைத் திறந்து, அதன் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு ரோஷினியை உட்காரவைத்தார். நான் உள்ளே போகாமல் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏலாவிட்டால் இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு காலைப் படியிலேயே வைத்திருந்தேன்.

முதலில் கரகரவென்று மைக் சத்தம். தொண்டையைச் செருமுகிற சத்தம். பின்னால் எங்கேயோ தூரத்தில் என் குரல், சோறு ஆறுது என்று. அப்புறம் அவர்.

ரயில் கிளம்பியது. கடுகண்ணாவைச் சுரங்கத்துக்குள் யானை நின்றது. யானையாரே, கொஞ்சம் நகருங்க என்று என்ஜின் மரியாதையாகக் கேட்டது. மழை விட்டாத்தான் நகருவேன் என்றது யானை. ரயிலில் இருந்தவர்கள் எல்லாம் இறங்கித் தேத்தண்ணீர் குடித்தார்கள், யானைக்கும் ஒரு வாளி கொடுத்தார்கள். ரோஷினி வாயைத் திறந்தபடி, திரையில் ஒன்றும் தெரியாவிட்டாலும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் இரண்டும் மேலே ஏறியிருந்தன.

அவர் நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"ரோஷினிக்குட்டி, தூங்கிட்டியா?"

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. பிள்ளை பதில் சொல்வாள் என்று அவர் விட்டு வைத்த இடம் அது. அக்கா விளக்குத் திரியைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"இன்னும் தூங்கலப்பா" என்றாள் என் மகள்.

"சரி," என்றார் அவர், "அப்போ மிச்சத்தையும் கேளு."

நான் நிலையை விட்டேன். என்னை அறியாமல் உள்ளே வந்திருந்தேன். அக்கா இன்னொரு கதிரையை இழுத்து என் பின்னால் போட்டார்.

"இருங்கோ பிள்ளை," என்றார். "இன்னும் கிடக்கு."